கூரைக்குள் ஒரு வாய்க்கால்

நான் குடியிருந்த வீட்டின் கூரைக்குள் ஒரு வாய்க்கால் இருக்கிறது என்ற விஷயமே, அங்கே குடிபோய்ச் சில மழைக்காலங்கள் கழிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. போர்ட் பிளேரில் ஒரு மேட்டுச் சரிவில், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய மரவீடு அது. அரசாங்க ஆபீஸ் குமாஸ்தாவான எனக்குக் குவார்ட்டர்ஸ் என்று ஒதுக்கியிருந்தார்கள். மழை பெய்தால் உள்சுவரில் தண்ணீர் வழியும். மரவீடு என்றால் வழியத்தான் செய்யும் என்று கட்டிலை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் நகர்த்திப் போடுவேன். இந்தப் பக்கம் வழிந்தால் மறுபடி அந்தப் பக்கம். நான் அறிந்த மராமத்து வேலை அது ஒன்றுதான்.

நான் ராமநாதபுரம் சீமைக்காரன். எங்கள் ஊரில் மழையைப் பற்றிப் பேசுவது அதிகம், பார்ப்பது குறைவு. கூரையில் விழுகிற தண்ணீருக்கு யாராவது மெனக்கெட்டு வழி செய்து வைத்திருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

அறுபதுகளின் நடுவில் ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டேன். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பா என் சம்பளத்தைக் கேட்கவில்லை, குணத்தையும் கேட்கவில்லை. "அங்கன தண்ணி எப்படி?" என்று மட்டும் கேட்டார். அவர் பெண் விடிவதற்கு முன் எழுந்து ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமந்தவள். நல்லா இருக்குங்க என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "வருசத்துல முக்கால்வாசி மழைங்க. வாசல்ல நின்னு கைய நீட்டுனாக் குடம் நெறஞ்சுரும்" என்றேன். கதவுக்குப் பின்னால் நின்றவளும் அதைக் கேட்டிருக்கிறாள்.

அவளைக் கப்பலில் கூட்டிக்கொண்டு வந்து இறங்கியது பிப்ரவரியில். மழை அப்போதுதான் மூட்டையைக் கட்டிக்கொண்டு போயிருந்தது. மேட்டுக்குக் கீழே தெருக்குழாய். அதுவும் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் வராது. வங்காளப் பெண்கள், தெலுங்குப் பெண்கள், மலையாளப் பெண்கள் எல்லாரும் வரிசையில் நின்று இந்தியில் சிரித்துப் பேசுவார்கள், இந்தியிலேயே சண்டையும் போடுவார்கள். என் மனைவிக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒரு வார்த்தை பேசாமல் நின்று, குடத்தை நிறைத்து, மேட்டில் ஏறி வந்து இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்ப்பாள். எந்த அதிகாரிக்கும் நான் அப்படிப் பயந்ததில்லை.

"கைய நீட்டுனாக் குடம் நெறயும்னு சொன்னீக. நீட்டிக்கிட்டேதான் நிக்கிறேன்" என்றாள் ஒருநாள்.

அவள் சீராகக் கொண்டுவந்த பித்தளை, வெண்கலப் பாத்திரங்கள் ஒரு பெரிய டிரங்குப் பெட்டியில் இருந்தன. கப்பலேற்றும்போது அவள் அப்பா சுற்றிக் கட்டிய கயிறு அப்படியே இருந்தது. என்னுடைய நெளிந்த அலுமினியச் சட்டிகளிலேயே சமைத்தாள். ஏன் பெட்டியைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"எதுக்கு அவுத்து மறுபடி கட்டிக்கிட்டு? ஜூன் மாசக் கப்பல்ல நான் ஊருக்குப் போறேன். அங்கனயும் தண்ணி இல்லதான். ஆனா எடுக்கப் போற வழியில பேச ஆளு இருக்கு."

சத்தம் போடவில்லை, அழவில்லை. மறுநாள் என்ன குழம்பு வைப்பது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். இதற்கு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, நிஜமாகவே பயந்துபோனேன். அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்தால் முதலில் அந்தக் கயிற்றைத்தான் பார்ப்பேன். முடிச்சு அவிழ்ந்திருக்காதா என்று ஒரு நப்பாசை.

வீட்டின் வெளிமூலையில் செங்கல்லால் கட்டி, மேலே மூடி போட்ட ஒரு பெரிய தொட்டி இருந்தது. இத்தனை வருஷமாக நான் அதைக் குப்பைத்தொட்டி என்று நினைத்து, அப்படியே பயன்படுத்தியும் வந்தேன். அதை நோக்கிக் கூரையிலிருந்து பாதி உடைந்த ஒரு குழாய் தொங்கியது. அதில் துணி காயப்போடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லாமல், அந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன்.

கூரைத் தகரம் முடிகிற இடத்தில், சுவரின் தலைமேல், பலகைகளால் நீளமாக ஒரு வாய்க்கால் அடித்து, உள்ளே துத்தநாகத் தகடு விரித்திருந்தார்கள். வெளியே அழகாக இழைத்த ஒரு பலகை அதை மறைத்திருந்ததால் கீழே நின்று பார்த்தால் தெரியாது. கூரையில் விழும் மழையெல்லாம் அதில் ஓடி, மூலைக்கு வந்து, குழாய் வழியாகத் தொட்டியில் இறங்க வேண்டும். இப்போது அதில் மண் நிறைந்திருந்தது. தகடு அரித்து, பலகை உளுத்து, நடுவில் ஒரு பப்பாளிக் கன்று ஜோராக வளர்ந்து நின்றது. வருஷக்கணக்காகச் சுவரில் வழிந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. இதைச் சரிசெய்துவிட்டால் பெண்வீட்டில் நான் அளந்தது புளுகே இல்லை!

ஆபீசில் சொன்னேன். வரப்போகிற மழை முடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள். மழை முடிந்து பார்க்க எனக்குப் பெண்டாட்டி இருக்கமாட்டாளே.

அபர்டீன் பஜாரில் தகரக்கடை வைத்திருந்த ஒரு பாயிடம் போனேன். வாளி, லாந்தர், எண்ணெய் டின் எல்லாம் செய்வார். எங்கள் சீமையின் கடற்கரைக்காரர். முதல் சந்திப்பிலேயே அவர் எனக்கு மாமா, நான் அவருக்கு மாப்பிள்ளை. வந்து மேலே ஏறிப் பார்த்தார்.

"மாப்ளே, இது கட்டரு, கூரை வாய்க்கா. நான் வாளி பண்றவன், இது வரைக்கும் கட்டர் செஞ்சதில்ல. ஆனா நீளமான வாளிதானே? டீக் ஹை, பண்ணிருவோம்" என்றார்.

அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. என்னிடமும் அதைத் தவிர வேறு முதல் இல்லை. சாத்தம் மரமில்லிலிருந்து படாக் மரப் பலகை வாங்கி மேட்டில் ஏற்றினோம். உளுத்ததைப் பிடுங்கிவிட்டுப் புதுப் பலகை அடித்தோம். பாய் தகட்டை மடித்து விரித்து, மூட்டுகளில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். நான் மட்டம் பார்த்தேன். மட்டம் பார்ப்பது என்றால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு "கொஞ்சம் ஏத்துங்க, கொஞ்சம் எறக்குங்க" என்று சொல்வது. முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டுமே, வீட்டில் இருந்த குடத்துத் தண்ணீரை எடுத்து மேலே ஊற்றினேன். அது தொட்டிப் பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போய், அடுப்படி வாசலில் நின்றிருந்த என் மனைவியின் தலையில் விழுந்தது. காலையில் வரிசையில் நின்று அவள் சுமந்து வந்த தண்ணீர் அது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி மேட்டில் இறங்கிப் போனாள். பாய் ஈயக் கட்டியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

எல்லாவற்றையும் பெயர்த்து, சரிவை மாற்றி அடித்தோம். தொட்டியில் இருந்த என் குப்பையை நானே இறங்கி அள்ளினேன். குழாய் தொட்டிக்குள் இறங்குகிற இடத்திலும் மூடியின் விளிம்பிலும் ஒரு கொசுகூட நுழையாதபடி பாய் சிமெண்டு வைத்து இறுக்கி, அடியில் தண்ணீர் பிடிக்க ஒரு திருகுக்குழாய் வைத்தார். கடைசியாக, வாய்க்காலை மறைத்திருந்த முன்பலகையில் ஒரு சின்னக் குழாய்மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தோம்.

"இது எதுக்கு மாமா?"

"இது வழியாத் தண்ணி வெளிய போயிரும் மாப்ளே."

"வெளியன்னா?"

"சும்மா தரையில."

இருவரும் கொஞ்ச நேரம் அந்த ஓட்டையையே பார்த்தோம். தண்ணீரைச் சும்மா தரையில் விடுவதற்கென்று ஒருவன் குழாய் வைத்திருக்கிறான்! எங்கள் பக்கத்தில் கைகழுவிய தண்ணீர்கூட வாழைக்குப் போகும்.

"வெள்ளக்காரன் கொழுப்பப் பாத்தீங்களா?" என்றேன்.

"அவனுக்கென்ன மாப்ளே, அவன் ஊர்ல தெனம் மழை. அடைச்சிருவோம், பக்காவா."

படாக் கட்டையில் ஆப்புச் சீவி, தார் தடவி, ஓட்டையில் அடித்து இறுக்கி, மேலே தகடு வைத்து ஈயத்தால் பற்றவைத்தோம். அந்த வீட்டில் நாங்கள் செய்த வேலைகளிலேயே ஒரு குறையும் இல்லாமல் அமைந்தது அது ஒன்றுதான்.

மே மாதம் முதல் மழை பெய்தது. தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு நான் குடை இல்லாமல் வெளியே ஓடினேன். மனைவி தொட்டிக் குழாயில் ஒரு குடம் பிடித்தாள். பிறகு இன்னொரு குடம். பெட்டிக் கயிறு அவிழவில்லை. ஆனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் பக்கத்து நாற்காலி வங்காளியிடம், "ஏக் பூந்த் பீ பாஹர் நஹி ஜாயேகா" என்று பீற்றிக்கொண்டேன். ஒரு சொட்டு வெளியே போகாதாம். அவர் என்னை ஏதோ நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

தொட்டி நிறைந்துவிட்டால் பிறகு வருகிற தண்ணீர் எங்கே போகும் என்ற கேள்வி எனக்கும் எழவில்லை, பாய்க்கும் எழவில்லை. எங்கள் சீமையில் எதுவும் நிறைந்து நாங்கள் பார்த்ததில்லை.

ஜூன் மாதம் கப்பல் வந்துவிட்டது. மறுநாள் காலை மெயின்லேண்டுக்குக் கிளம்பும் என்றார்கள். மனைவி புடவைகளை மடித்து ஒரு பையில் வைத்திருந்தாள். போகாதே என்று சொல்ல நான் காலையிலிருந்து வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் அப்படி ஓடிய வாய் அது. மதியம் மழை பிடித்தது. அதுவரை பெய்ததெல்லாம் தூறல் என்று சொல்லும்படியான மழை. துறைமுகம் மறைந்தது, எதிர்வீடு மறைந்தது. முதலில் மேல்பலகைகளில் ஈரம் பரவியது. பிறகு உள்சுவர் முழுக்கத் தண்ணீர் திமுதிமுவென்று இறங்கியது. சரியாக அந்த டிரங்குப் பெட்டியின்மேல்.

நான் பழக்கதோஷத்தில் கட்டிலை நகர்த்தினேன்.

"கட்டில விடுங்க! பெட்டியப் புடிங்க!" என்று கத்தினாள்.

பெட்டி அசையவில்லை. அவள் அரிவாள்மணையை எடுத்துவந்து முடிச்சை ஒரே அறுப்பாக அறுத்தாள். நான்கு மாதமாக நான் பார்த்துக்கொண்டிருந்த முடிச்சு. அண்டா வந்தது, தவலை வந்தது, குடங்கள், தூக்குவாளி, வெண்கல உருளி எல்லாம் வந்தன. ஒழுகுகிற இடமெல்லாம் ஒவ்வொன்றாக வைத்தாள். வைக்க வைக்க நிறைந்தன. முதலில் நிறைந்த குடத்தைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே கொட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறந்ததிலிருந்து நிறைந்த குடத்தைக் கீழே கொட்டிப் பழக்கமில்லாத கை அது. கொட்ட மனசு வராமல் குடத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

"மேல என்ன பண்ணி வச்சிருக்கீக?"

ஓட்டையை அடைத்த கதையைச் சொன்னேன். சொல்லத் தொடங்கும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

"கலுங்க அடைச்சீகளா?" என்றாள்.

கலுங்கு என்றால், கண்மாய் நிறைந்த பிறகு மிஞ்சுகிற தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கட்டிய கல்மேடை. எங்கள் ஊர்க் கண்மாயிலும் இருந்தது. எனக்குத் தெரிந்து அது ஒருநாளும் பாய்ந்ததில்லை. வழுவழுப்பாக, குளிர்ச்சியாக இருக்கும். அதில் உட்கார்ந்துதான் நாங்கள் சீட்டாடுவோம்.

"கலுங்கு எதுக்குன்னு நெனச்சீக? ஒக்காந்து சீட்டாடவா?"

நான் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி ஏணியில் ஏறினேன். பாய் வைத்த ஈயம் லேசில் விடவில்லை. அந்த மனிதரின் தொழில் சுத்தத்தை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அடித்தேன். ஆப்பு திடீரென்று பிடுங்கிக்கொண்டு வந்தது, பின்னாலேயே கூரைத் தண்ணீர் அத்தனையும் என் முகத்தில் வந்தது. ஏணி வேறு பக்கம் போக, நான் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். குழாய்மூக்கிலிருந்து தண்ணீர் வளைந்து வந்து நேராக என் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

ஜன்னலில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கி, மறுபடி சிரித்தாள். கப்பலைவிட்டு இறங்கியதிலிருந்து நான் கேட்காத சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது. மழையில் அது யாருக்குத் தெரியப்போகிறது?

மறுநாள் காலை கப்பல் ஊதியது. அவள் அடுப்படியில் புளி போட்டு அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீடு முழுக்கப் பித்தளைப் பாத்திரங்கள், ஒவ்வொன்றிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர்.

"கப்பலு..." என்று இழுத்தேன்.

"இம்புட்டுத் தண்ணியப் போட்டுட்டு எவ போவா?" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "இனிமே நீங்க கூரைப் பக்கம் ஏறக் கூடாது. ஆமா."

பெட்டிக் கயிற்றை அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு அடுப்புக்கு மேலே கொடியாகக் கட்டியிருந்தாள். என் சேற்று வேட்டி அலசிப் பிழிந்து அதில் காய்ந்துகொண்டிருந்தது.