விருந்தாளிகளுக்கு எழுதிய தாள்

நகப்பூச்சு வாசனை வந்தால் எனக்கு அத்தையின் மேல் கோபம் வரும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது. இருபது வயதில் மலாக்காவில் ஒரு ரப்பர் வியாபாரியின் அலுவலகத்தில் நான் குமாஸ்தா. மெழுகுத் தாளில் ஊசிமுனைக் கம்பியால் எழுதி, மை உருளையில் மாட்டிச் சுற்றிப் படிகள் எடுப்பது என் வேலை. எழுத்து பிசகினால் மேலே தடவ ஒரு குட்டிப் புட்டியில் சிவப்புத் திரவம் இருக்கும். மூடியைத் திறந்தால் இதே வாசனைதான். மூக்குக்குத் தித்திப்பு, கண்ணுக்குக் கரிப்பு. நேற்று மாலை என் மகள் கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து நகங்களுக்குச் சிவப்புப் பூசிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். முழங்கையால் ஒரு தாளை என் பக்கம் தள்ளினாள். “அப்பா, இதக் கொஞ்சம் பாருங்க. வெளியூர்லேருந்து வர்றவங்களுக்கு. எங்க சாப்பிடலாம், எதப் பாக்கலாம்னு நாங்க ரெண்டு பேரும் சேந்து எழுதுனது.” தாள் கைக்கு வந்தது. வாசனை மூக்குக்கு வந்தது. செத்துப் பல வருடமான அத்தை, வெற்றிலைப் பையோடு வந்து எனக்கும் மகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள்.

அவளை நான் மன்னிக்கவில்லை. என் கூடப்பிறந்த ஒரே அக்காவின் கழுத்தில் தாலி ஏறியபோது நான் அங்கே இல்லை. அதற்கு அத்தைதான் காரணம். அப்பாவுக்கு மூத்தவள், தைப்பிங்கில் வாழ்க்கைப்பட்டவள். சின்ன உருவம். ஆனால் அவள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அந்த வீட்டில் நாற்காலிகள் குறைந்துபோகும். எதையும் தொட்டுப் பார்ப்பாள்: திரைச்சீலையைக் கசக்குவாள், பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பார்ப்பாள், பெண்பிள்ளைகளின் ஜடையைத் தூக்கிப் பிடரியைப் பார்ப்பாள். அக்கா பிறந்த அன்றைக்கு அப்பா ஏதோ சந்தோஷத்தில் “ஒம் மகனுக்குத்தான்” என்று அவளிடம் சொல்லிவிட்டாராம். இருபத்து மூன்று வருடம் அந்த ஒரு வாக்கியத்தை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். பிறகு ஒருநாள் அவளுக்கும் மற்றவர்களைப் போலவே அக்காவின் கல்யாணப் பத்திரிகை ஒன்று போனது, தபாலில். அந்த இடத்தில் அவள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. இருக்கட்டும். நியாயம் இருப்பவர்களைத்தான் எனக்கு அதிகம் பயம்.

நாங்கள் காஜா பெராங்கில், மாரியம்மன் கோயில் சந்துக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் இருந்தோம். அப்பா நகராட்சியில் தண்ணீர்க் குழாய் மேஸ்திரி. அக்கா புக்கிட் ரம்பாயில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. தினமும் பஸ்ஸில் போய் வருவாள். மாப்பிள்ளை அதே பஸ் தடத்தில் டிக்கெட் பரிசோதகர். மலாக்காச் செட்டி வீட்டுப் பிள்ளை. பல தலைமுறைக்கு முன் வணிகத்துக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழியில் வந்தவர்கள் அவர்கள்; சாமி நம் சாமி, நெற்றியில் நம் திருநீறு, வாயில் மட்டும் மலாய். கோயில் திருவிழாவில் அக்காவைப் பார்த்த மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டனுப்பிப் பெண் கேட்டார் என்பதுதான் ஊருக்குத் தெரிந்த கதை. அப்பாவுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். “எம் பொண்ணு பஸ்ஸு ஏறுனா ஜன்னலத் தவிர எதயும் பாக்க மாட்டா” என்று காப்பிக் கடையில் அவர் சொல்லாத நாளில்லை. கூடவே இன்னொன்றும் சொல்வார்: “ரோட்டுல பாத்து, பேசி முடிக்கிற கல்யாணம் என் வீட்ல நடக்காது. நடந்தா நான் இருக்க மாட்டேன்.” அப்பா சொன்னால் செய்கிற மனிதர்.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த தை மாதம் கல்யாணம். தைப்பிங், ஈப்போ, குளுவாங் என்று முப்பது பேர் மூன்று நாள் முன்னாலேயே வருவதாக எழுதியிருந்தார்கள். “முப்பது பேரு வீட்லயே உக்காந்திருந்தா பழைய சண்டயெல்லாம் தோண்டி எடுப்பானுங்க. எங்கயாச்சும் அனுப்பி விடுங்க” என்றார் அப்பா. நல்ல சாப்பாட்டுக் கடைகள், பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒரு தாள் அடித்துக் கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அக்கா ஒரு பக்கம் எழுதித் தந்தாள். மச்சான் தன் பங்குக்கு மலாயில் ஒரு பக்கம் அனுப்பினார். இரண்டையும் நான் ஒன்றாக்கி, முத்து முத்தாக மெழுகுத் தாளில் எழுதினேன். பஸ் நிலையத்துக்கு எதிரில் நெய்த்தோசை. சீனர் கடையில் உருண்டை பிடித்த சோறும் கோழியும். சுதந்திரத் தேதியை முதலில் அறிவித்த பந்தார் ஹிலிர் திடல். கிளேபாங் சாலையில் தென்னை மரத்தடி செண்டோல் கடை: ‘ஐந்து மணிக்கு மேல் வெயில் முகத்தில் அடிக்காது. இரண்டு பேர் என்றால் பின்மேசை, காற்று வரும்.’ செயின்ட் பால் குன்று: ‘மேலே இடப்பக்கச் சுவரோரம் நின்றால் கப்பல்கள் எல்லாம் நமக்குத் தெரியும். கீழே இருப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது.’ எழுதிய கைக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ‘நம்மை’ என்ற சொல்லில் ஒரு புள்ளி பிசகிவிட்டது. சிவப்புத் திரவம் தடவி, ஊதிக் காயவைத்து, அதன் மேல் மறுபடி ‘நம்மை’ என்றே அழகாக எழுதினேன்.

சந்தோஷமாக இருப்பவர்கள் செய்கிற தப்பு அது. தங்களுக்கு இனித்த இடமெல்லாம் ஊருக்கும் இனிக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

அத்தை வந்து இறங்கி, தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தாள். பிறகு மடித்து இடுப்பில் செருகினாள். “மருமவனே, எனக்கு இந்த எடமெல்லாம் பாக்கணும். ஒன்னு விடாம கூட்டிட்டுப் போ.” எனக்குப் பெருமை. இரண்டு நாள் ரிக்‌ஷாவில் சுற்றினோம். அவள் சாப்பிட்டதை நான் மறக்க மாட்டேன். நெய்த்தோசை நாலு. கோழிச்சோறு இரண்டு தட்டு. எலும்பைக் கடித்து உறிஞ்சிவிட்டு, “ருசியே இல்ல” என்றாள். திடலைப் பார்த்து, “புல்லு. தைப்பிங்லயும் இருக்கு” என்றாள். குன்றில் ஒரு படி விடாமல் ஏறி, இடப்பக்கச் சுவரோரம் போய் நின்று, கீழே எட்டிப் பார்த்து, என்னைக் கீழே இறங்கி நிற்கச் சொன்னாள். நின்றேன். “என்னத் தெரியுதா?” என்று குரல் கொடுத்தாள். “தெரியல அத்தை!” என்று நான் கத்தினேன், ஏதோ விளையாட்டு என்று நினைத்து. அவள் சிரித்தது மட்டும் கீழே கேட்டது.

கடைசியாகக் கிளேபாங். பனிச்சீவலைக் கிண்ணத்தில் குவித்து, பனைவெல்லப் பாகை ஊற்றிக்கொண்டே செண்டோல்காரர் என் முகத்தைப் பார்த்து மலாயில் கேட்டார்: “டீச்சரோட தம்பிதானே நீ? அச்சு அப்படியே இருக்கு. போன வியாழக்கிழமை டீச்சரும் வரல, அந்த பஸ்காரரும் வரல. உடம்பு கிடம்பு சரியில்லையா?” அத்தைக்குச் சந்தை மலாய் நன்றாகவே வரும். கரண்டியை நக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “வியாழக்கெழமன்னா ஒங்கக்கா எங்க போவா மருமவனே?” “பள்ளிக்கூடத்துல மீட்டிங் அத்தை. வாராவாரம்” என்று சொன்ன பிறகுதான், பல்லில் பட்ட பனி மண்டைக்கு ஏறுவதுபோல எனக்கு விளங்கியது. அத்தை இன்னும் இரண்டு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டாள், அந்தப் பின்மேசையிலேயே உட்கார்ந்து. “டிக்கெட்டு கேக்க வந்தவன் பொண்ணயே கேட்டுட்டான், பாத்தியா” என்றாள். அவ்வளவு மகிழ்ச்சியாக அவளை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பிற்பகல் மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு வந்தார்கள். கூடம் நிரம்பி வாசல்வரை ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா சாரோங்கும் கெபாயா மேற்சட்டையும் கொண்டையூசியுமாக, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல வந்து உட்கார்ந்தார். வாதக்கால் அவருக்கு, நாலு வீடு தள்ளியிருக்கிற கோயிலுக்கே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வருவார் என்பது சந்துக்கே தெரியும். அத்தை எழுந்தாள். இடுப்பிலிருந்து தாளை எடுத்தாள். “தம்பி, ஒம் பொண்ணு எழுதுனத எல்லாரும் ஒருக்கா கேக்கணும்” என்று ஆரம்பித்து, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, பின்மேசையைப் படித்தாள். சுவரோரத்தைப் படித்தாள். வியாழக்கிழமையைத் தானே சேர்த்துக்கொண்டாள். “பேசாத பொண்ணுக்குப் பின்மேச காத்து எப்பிடித் தெரியும்? யாரோட நின்னு கப்பலு பாத்தா? ஒம் மகனயே கேளு தம்பி. எங்கூட இவந்தான் வந்தான்.” அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அறைக்குள், திரைக்குப் பின்னால், அக்காவின் வளையல் சத்தம் நின்றது.

மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. என் கையைத் தொட்டு, என்ன சொல்கிறார் என்று மலாயில் கேட்டார். எதையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. அப்படியே சொன்னேன்; மேசை, சுவர், வியாழக்கிழமை, இரண்டு பேர். அவர் கொண்டையூசியைச் சரிசெய்துகொண்டார். பிறகு கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, “புக்கான் டுவா. தீகா” என்றார். இரண்டு பேர் இல்லை, மூன்று. ஒவ்வொரு வியாழக்கிழமையும் தானும் கூடவே போனதாகவும், பக்கத்து மேசையில் உட்கார்ந்ததாகவும் சொன்னார். அத்தை விடவில்லை. அவளும் மலாய்க்கு மாறினாள். “குன்று மேலயுமா?” கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கிழவியின் முழங்காலைப் பார்த்தார்கள். அவர் கண்ணிமைக்காமல் அத்தையைப் பார்த்து, “ஏறினேன். மெதுவாக ஏறினேன்” என்றார்.

அப்பாவும் அந்த முழங்காலைப் பார்த்தார். அவர் கோயிலுக்குக் குழாய் போட்டவர். அந்தக் கால்கள் எங்கள் சந்துக்கு வெளியே போனதில்லை என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு சீர்த்தட்டின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில், “அதான் சம்பந்தியம்மா கூட இருந்திருக்காங்களே அக்கா. அப்புறம் என்ன?” என்றார். பொய்யென்று தெரிந்தே தலைமேல் வாங்கிக்கொண்டார். வளையல் மறுபடி அசைந்தது. அத்தை தாளை மடித்தாள். அதே இடுப்பு, அதே மடிப்பு. “நாளக்கி இந்தக் கல்யாணத்துல நான் நிக்க மாட்டேன். விடிஞ்சதும் ரயிலடிக்குப் போற டம்பின் பஸ்ஸுக்கு யாராச்சும் என்னக் கூட்டிட்டுப் போங்க.”

யாராச்சும் என்றால் நான்தான். முகூர்த்த நேரத்தில் நான் அவளுடைய தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் இருந்தேன். கோயில் பக்கத்திலிருந்து நாகஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறியது. அடுத்த திருப்பத்தில் சைக்கிள் மணிகள் அதை விழுங்கின. வழியெல்லாம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. அவள் சாவுக்கும் போகவில்லை. அக்கா போனாள், மச்சானோடு. அக்காவுக்கு மன்னிக்க வரும்.

நான் வேறு மாதிரியானவன் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். மகள் தன்னோடு வேலை பார்ப்பவனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது ஒரு கேள்வி கேட்காமல் தலையாட்டினேன். அதை நாலு பேரிடம் பெருமையாகவும் சொல்லிக்கொண்டேன். நேற்று அந்தத் தாள் கையில் இருந்தது. முதல் பக்கத்தில் நல்ல இடங்கள் ஏழெட்டு. ஒன்றையும் நான் படிக்கவில்லை. கண் நேராக இரண்டாம் பக்கத்தின் நடுவில் போய் நின்றது: ‘ஆற்றோர மீன்கடை. இரண்டு பேர் என்றால் மாடி ஜன்னலோரம். புதன்கிழமைகளில் கூட்டம் இருக்காது.’ என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. “புதன்கெழமன்னா ஒனக்கு ஆஸ்பத்திரியில ஈவினிங் டியூட்டிதானே?” மகளின் கையில் தூரிகை அப்படியே நின்றது. அரை நகம் சிவப்பு, அரை நகம் வெறுமை. அவள் நிமிர்ந்து என் முகத்தில் எதைப் பார்த்தாளோ தெரியாது. எனக்குத் தெரிந்த முகம்தான் அது. டம்பின் பஸ்ஸின் ஜன்னலில், புறப்படும் நேரத்தில், வெற்றிலையைத் துப்பிவிட்டு என் பக்கம் குனிந்த முகம். என் கையெழுத்தில் இருந்த அந்தத் தாளை இடுப்பிலிருந்து உருவி என் சட்டைப்பையில் திணித்துவிட்டு, அத்தை சொன்னாள்:

“ஒனக்கும் ஒரு பொண்ணு பொறப்பா மருமவனே. அவளும் இந்த மாதிரி ஒரு தாளு எழுதிக் கொண்டாந்து ஒங்கையில குடுப்பா. அன்னக்கி நீ மொதல்ல எந்த வரியப் படிக்கிறேன்னு பாரு.”