ஆயிரத்து எண்ணூறு மைலும் ஒரு பொட்டலம் புளிச்சோறும்

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்கிறீர்கள். இப்போது நான்கு மணி சொச்சம். மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அவசரகாலம் நடந்தபோது நான் போனேன்; அப்போது எட்டரை மணி. தூரம் என்னவோ அன்றும் இன்றும் சுமார் ஆயிரத்து எண்ணூறு மைல்தான்.

அப்போது நான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணி. ஆபீசில் கணக்கெழுதும் வேலை. மாயவரத்தில் தங்கைக்குக் கல்யாணம், காலை ஒன்பது மணி முகூர்த்தம். அவள் கையில் பொரியிட வேண்டிய ஒரே அண்ணன் நான். லீவு எட்டு நாள்தான், கப்பலில் போனால் நாள் போதாது. நாலு மாதச் சம்பளத்தைக் கொட்டி விமானச் சீட்டு எடுத்தேன். மனைவி சரசு மாசமாக இருந்ததால் வரவில்லை.

"முகூர்த்தத்தன்னிக்கு சரியா ஒம்பது மணிக்கு நான் இங்க விளக்கேத்திடுறேன். நீங்க நேரத்துக்குப் போய்ச் சேருங்க" என்றாள்.

காலை ஆறரைக்கு லோரியில் கிளம்பினேன். கோலாலம்பூர் நாற்பத்திரண்டு மைல், இரண்டு மணி நேரம் என்பது என் கணக்கு. முதல் சோதனைச் சாவடியிலேயே பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே வாழையிலைப் பொட்டலத்தில் புளிச்சோறு! சரசு வைத்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, தோட்டத்தைவிட்டு ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகத் தடை. அந்தத் தடை நோட்டீஸைத் தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொழிலாளர்களுக்கு உரக்க வாசிப்பவனே நான்தான்.

காவலுக்கு நின்ற தமிழ்ப் போலீஸ்காரருக்கு என்னைத் தெரியும். "என்னா கிராணி, நீங்களே வாசிக்கிறீங்க, நீங்களே கட்டிக்கிட்டு வர்றீங்களே லா?"

"வழிக்குக் கட்டுச்சோறுப்பா. எங்க வீட்டுல வெறுங்கையோட அனுப்ப மாட்டாங்க."

சிரித்தார், ஆனால் விடவில்லை. அதிகாரி வந்து, பொட்டலத்தைப் பறிமுதல் செய்து எழுதி முடிக்க மூன்று மணி நேரம். ஆக, நாற்பத்திரண்டு மைலுக்கு ஐந்து மணி! நல்லவேளை, சிங்கப்பூர் ரயில் ராத்திரிதான்.

மறுநாள் பத்து மணி விமானம் மழையால் பன்னிரண்டுக்குக் கிளம்பியது. காது அடைத்ததைத் தவிர வேறு தொந்தரவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கும்போது என் கைக்கடிகாரத்தில் எட்டரை. சுங்கச் சோதனை முடிய ஒன்பதரை. மாயவரம் ரயிலோ எழும்பூரில் ஒன்பது மணிக்கு. போச்சு, எல்லாம் போச்சு! பெட்டிமேல் உட்கார்ந்து அழுதேவிட்டேன்.

"இன்னா சார் ஆச்சு?" என்றார் ஒரு டாக்சிக்காரர்.

"ஒம்பது மணி ரயில் போயிடுச்சுங்க."

"மணி ஏழரதான் சார் ஆவுது. உங்க வாட்சு எந்த ஊர்ல ஓடுது?"

மலாயா மணி இந்திய மணிக்கு இரண்டு மணி நேரம் முந்தியது. இறங்கும் நேரம் சீட்டிலேயே உள்ளூர் மணியில் அச்சாகியிருந்தது. கணக்கில் புலியாயிற்றே, நான் எதற்கு அதைப் பார்க்கிறேன்? அந்த டாக்சிக்காரரைக் கும்பிட்டு, அவர் வண்டியிலேயே ஏறி ரயிலைப் பிடித்தேன்.

மறுநாள் தங்கை கையில் பொரியிட்டபோது ஒரு பிடி கூடவே அள்ளிப் போட்டேன். அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் திருப்பாத கடிகாரம் கண்ணில் பட்டது: பதினொன்று. ஐயோ, சரசு இரண்டு மணி நேரம் முன்னாலேயே விளக்கேற்றியிருப்பாளே!

ஆகவே, போகிறவர்களே, விமானத்துக்குள்ளேயே கடிகாரத்தைத் திருப்பிவிடுங்கள். தரைவழிக்கு நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் ஒதுக்குங்கள். பையை நீங்களே கட்டுங்கள்.

ஊர் திரும்பி, தலையைச் சொறிந்துகொண்டே சரசுவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"எண்ணெய் கூடவே ஊத்தியிருந்தேன். மத்தியானம் வரைக்கும் எரிஞ்சுது" என்றாள். "உங்க கணக்கு எனக்குத் தெரியாதா?"