சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்த கார்

வத்தளைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு கொழும்பு மருதானை வழியாக நடந்துகொண்டிருந்தபோது, பழைய சாமான் கடையொன்றில், கம்ப்யூட்டரைப் போன் லைனில் இணைக்கும் பழைய மோடம் ஒன்றைக் கண்டேன். எடுத்து முகர்ந்தேன். தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த அதே மணம்.

நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய வருடம் எங்கள் வீட்டிலும் அப்படியொன்று இருந்தது. நான் நகரின் ஒரு முனையில், வெள்ளவத்தையில்; என் நண்பன் ஜூட் மறுமுனையில், கொட்டாஞ்சேனையில். யுத்தக் காலம், வழியெல்லாம் ஆட்களை மறிக்கும் சோதனைச்சாவடிகள் என்பதால் அவனுடைய அம்மா அவனை வெளியே விடமாட்டார். ஞாயிறு காலைகளில் போனில் கதைத்து, "நீ அடிக்காதடா, நான்தான் அடிப்பன்" என்று தீர்மானித்துவிட்டு வைப்போம்; இருவரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இரு பக்கமும் லைன் கிடைக்காது. பிறகு மோடம் கீச்சிட்டு, இரைந்து, சட்டென்று அடங்க, கார்ப் பந்தய விளையாட்டு ஓடும் என் கம்ப்யூட்டர் திரையின் வளைவில் ஜூட்டின் சிவப்புக் கார், அத்தனை சாவடிகளில் ஒன்றிலும் நிற்காமல், வந்து சேரும். அதையே பார்த்துக்கொண்டிருந்து ஒவ்வொரு பந்தயத்திலும் தோற்றேன்.

வீட்டில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் லைன் அறுந்து அவன் மறைந்துபோவான். அதனால் அக்கா போனருகே இருந்து கத்துவாள்.

"அம்மா, எடுக்காதேங்கோ! ஜூட் வந்திருக்கிறான்!"

"எங்கையடி? வாசல்ல ஒருத்தரையும் காணேல்லை."

மோடத்தை வைத்துவிட்டு நடந்தேன். அடுத்த நாள் காலை ஓர் அலுவலக வாசலில் வேலைக்குச் சேர்ந்தேன். வருகிறவர்களை நிறுத்தி அடையாள அட்டை பார்க்கும் வேலை.