பவுசரின் ஹோர்ன் சத்தம்

பிரதேச சபைக் கட்டடத்தின் பின்புறம், குப்பை டிராக்டருக்குப் பக்கத்தில், நீலநிறத் தண்ணீர் டேங்க் வண்டி, எங்கள் பேச்சில் பவுசர், ஒன்று நிற்கிறது. ஓட்டமில்லாமல் நின்று நின்று துரு ஏறிவிட்டது. ஹோர்ன் மட்டும் பழைய மாதிரியே கேட்கும். மலையில் மேல் டிவிசன் வளைவில் அதை மூன்று தடவை அடித்தால், லயத்து வரிசை வீடுகளின் கதவுகள் திறந்து கேன்களோடு ஆட்கள் வெளியே வருவார்கள். அந்தச் சத்தத்தின் மதிப்பு அதை ஓட்டியவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை. சபையின் செய்திகளை மக்களிடம் கொண்டுபோவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான்தான்.

அவரை நாங்கள் எல்லோரும் டிரைவர் நானா என்போம்; முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாவனல்லைக்காரர். வறட்சியில் தேயிலைத் தோட்டத்துப் பீலி ஊற்றுகள் வற்றும் மாதங்களில் வாரத்துக்கு இருமுறை மேல் டிவிசனுக்குத் தண்ணீர் ஏற்றிப் போவார். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து, சபையின் பேஸ்புக் பக்கத்தைப் பொறுப்பெடுத்திருந்தேன். அந்த டிவிசனுக்குக் குழாய் நீர் கொண்டுபோகும் திட்டம் ஒன்று வந்தது. வீட்டுக்கு ஒருவர் கூட்டத்துக்கு வந்து சம்மதப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். வராவிட்டால் குழாய்கள் கடைவீதிப் பக்கம் போய்விடும். மும்மொழியிலும் அழகான போஸ்டர் செய்து பக்கத்தில் போட்டேன், வட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். இதயங்கள் வந்து குவிந்தன. கூட்டத்துக்கு மேல் டிவிசனிலிருந்து ஓர் ஆள்கூட வரவில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவைப்படவில்லை. இதயம் போட்டவர்கள் அந்த லயத்துப் பிள்ளைகள்தான், ஆனால் எல்லோரும் கொழும்புக் கடைகளில் நின்றார்கள். மலையில் இருந்தவர்களிடம் இருந்தது பட்டன் போன். போதாக்குறைக்குக் கூட்டத்தை நான் காலை பத்து மணிக்கு வைத்திருந்தேன். கொழுந்து எடுக்கும் நேரத்தில் இறங்கி வந்தால் அரைப்பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம் போய்விடும். தவிசாளர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். ஒரு வாரம் கழித்து, மாலை ஐந்து மணிக்கு.

அந்த வாரம் முழுக்க இன்னும் நல்ல போஸ்டர்கள் செய்துகொண்டிருந்தேன். கூட்டத்துக்கு முதல் நாள்தான் பவுசர் ஞாபகம் வந்தது. அன்றைக்கென்று பார்த்து, பவுசர் நிரப்பும் இடத்தில் பம்ப் பழுது. எனக்கு அது தடையாகத் தெரியவில்லை. "சும்மா மேல போய் ஹோர்ன் அடிங்க நானா. ஆட்கள் வந்ததும் நான் விசயத்தச் சொல்றேன்" என்றேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வெறும் டேங்க வச்சிக்கிட்டு ஹோர்ன் அடிக்க ஏலா தங்கச்சி. இண்டைக்கு ஒருக்கா அடிச்சா, நாளைக்குத் தண்ணியோட போனாலும் ஆக்கள் வர மாட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. சாட்டுச் சொல்கிறார் என்று நினைத்தேன். முச்சக்கரவண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நானே போய், தொண்டை வற்றக் கத்தினேன். கிழிந்த சாக்கை இடுப்பில் கட்டிய ஒரு பெண் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார். நிறுத்திக் கேட்டபோது சொன்னார்: "பவுசர் வந்தா தண்ணி. ஆட்டோ வந்தா ஓட்டு, இல்லாட்டி லொத்தர் டிக்கட். நாங்க என்னத்தக் கண்டோம்?"

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் வளைவில் ஹோர்ன் கேட்டது. மூன்று தடவை. பஸார் பள்ளிவாசல் கிணற்றிலிருந்து சின்ன மோட்டாரால் பின்னேரம் முழுக்க இறைத்து, அரை டேங்க் தண்ணீர் கொண்டு வந்திருந்தார். கேன்கள் வரிசையானதும் நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "தண்ணிக்கு நிக்கிற ஆளுக்குக் காது கேக்காது. கேன் நெறையட்டும், பொறகு விசயத்தச் செல்லுங்க." கேன்கள் நிறைந்தன. அதன்பின் சொன்னேன். சாக்குக் கட்டிய பெண், "ஆமா, எங்க பையனும் போன்ல இதத்தான் சொன்னான். நான் நம்பல" என்றார். மறுநாள் மாலை சபை மண்டபத்தில் உட்கார நாற்காலி போதவில்லை.

குழாய் வந்தது. பவுசர் ஓட்டம் நின்றது. நானாவைக் குப்பை டிராக்டருக்குப் போட்டார்கள். அந்தத் திட்டம் வந்தால் தன் வேலை என்னவாகும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். இது பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. கேட்காதது இன்றும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பல வருடங்கள் கழிந்து, இந்த மழைக்காலத்துக்கு முன், அதே லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு கண்டார்கள்; மண் சரியும் அபாயம். மாற்று வீட்டுக்குப் பெயர் பதிய ஞாயிற்றுக்கிழமை அதிகாரிகள் வருவார்கள், வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் போட்டு, "அம்மாவுக்கு இன்றைக்கே போன் எடுங்கள்" என்று கீழே எழுதினேன். மறுநாள் பவுசரைக் கழுவி, டேங்கை நிரப்பச் சொன்னேன். பைப் உள்ள இடத்துக்குத் தண்ணீரா என்று, நானா ஓய்வு பெற்றபின் வந்த புதிய டிரைவர் சிரித்தார். நிரப்புங்கள் என்றேன்.

வளைவில் மூன்று தடவை ஹோர்ன் அடித்தோம். முதல் கேனோடு வந்தது அதே பெண்தான், தலை நரைத்திருந்தது. "வீட்டுல பைப்புல வருதுங்க. ஆனா இந்தச் சத்தம் கேட்டா கேனத் தூக்காம இருக்க முடியல" என்று சிரித்தார். எல்லாக் கேன்களும் நிறையும்வரை நான் பேசவில்லை. மலை வெடிப்பையும் ஞாயிற்றுக்கிழமைப் பதிவையும் பற்றிச் சொன்னபோது, நிறைந்த கேன்களோடு நின்று கடைசிவரை கேட்டார்கள்.

அந்த வரிசையை வீடியோ எடுத்து, இப்போது மாவனல்லையில் மகன் கடையில் உட்கார்ந்திருக்கும் நானாவுக்கு அனுப்பினேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தது உண்மை. கொஞ்ச நேரத்தில் குரல்பதிவு ஒன்று வந்தது. அதில் ஒரே ஒரு கேள்விதான்.

"டேங்க்ல தண்ணி ஈந்திச்சா தங்கச்சி?"

இருந்தது என்று எழுதினேன்.