பின் நாற்காலிக்கு ஏற்ற மென்பொருள்

கணினியைத் தட்டிவிட்டு வீடியோ எடிட்டர் முதலில் பார்ப்பது திரையை அல்ல. தன் முதுகுக்குப் பின்னால் போட்டிருக்கும் நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஆளைத்தான். கதவைத் தட்டிவிட்டு வந்தாரா, தள்ளிக்கொண்டு வந்தாரா? ஃபோனைப் பைக்குள் வைத்துவிட்டாரா, இன்னும் காதில்தான் இருக்கிறதா? இதையெல்லாம் ஓரக்கண்ணால் எடைபோட்ட பிறகே எந்த மென்பொருளைத் திறப்பது என்று முடிவு செய்வார்.

அவரிடம் மூன்று மென்பொருள்கள் உண்டு. கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் எதுவும் அவர் வாயில் வராது. மாதாமாதம் பணம் கட்டிப் பயன்படுத்துவது 'வாடகை வீடு'. இலவசமாகக் கிடைத்தது, நிறத்தைச் சரிசெய்வதில் மகா கெட்டி, அதன் பெயர் 'சாயப்பெட்டி'. மூன்றாவது பெரிய படக்காரர்கள் வைத்திருப்பது. திரை முழுக்கக் கட்டமும் கோடும் ஏறி இறங்கும் பச்சை விளக்குமாக இருப்பதால் அது 'விமானம்'.

எதற்கு எது என்று யாராவது கேட்டால் போதும், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். "விளம்பரம்னா வாடகை வீடுதான். எழுத்து பறக்கணும், பொருள் சுத்தணும், எல்லாம் அங்க சட்டுனு முடியும். கல்யாணம்னா சாயப்பெட்டி. மண்டபத்து லைட்டுல எல்லார் மூஞ்சியும் காமாலை வந்த மாதிரி இருக்கும், அதை மனுஷ மூஞ்சி ஆக்கணும்ல. நாள் கணக்குல எடுத்து வச்ச டாக்குமெண்டரின்னா விமானம். எத்தனை கிளிப் கொட்டினாலும் மூச்சு வாங்காது." புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் இதைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு போகிறார்கள். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் கிடையாது. அவர் அதன்படி நடப்பதில்லை, அவ்வளவுதான்.

துணிக்கடை முதலாளி ஒருவர் வருகிறார். அரை நிமிட விளம்பரம். சாஸ்திரப்படி வாடகை வீடு. ஆனால் வந்தவர் திரையில் விரலை வைத்துப் பேசுகிற ரகம் என்றால், எடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு விமானத்தைத் திறந்துவிடுவார். அத்தனை கட்டங்களையும் பார்த்ததும் முதலாளி விரலை மடக்கிக்கொள்வார். "அவருக்கு ஒண்ணும் புரியக்கூடாது. புரிஞ்சுது, போச்சு. அப்புறம் அவர் எடிட்டரு, நான் டைப்பிஸ்டு." சந்தேகப் பேர்வழிகளுக்குச் சாயப்பெட்டி. பழைய முகம், புதிய முகம் இரண்டையும் அருகருகே நிறுத்திக் காட்டினால் அவர்கள் வாய் தானாக மூடிக்கொள்ளும். வாடகை வீடு கிடைப்பது சாதுக்களுக்கு மட்டும்.

வேலை முடிந்தாலும் வீடியோவை உடனே கொடுத்துவிட மாட்டார். படம் தயாராகும்போது திரையில் ஒரு பட்டை நகருமே, அதை வாடிக்கையாளர் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்தால்தான் உழைப்புக்கு மரியாதை என்பது அவர் கொள்கை. வேகமான புதுக் கணினி வந்து இந்தக் கொள்கைக்கு வேட்டு வைத்தது. அவரா அசருவார்? யாருக்கும் தேவைப்படாத பிரம்மாண்ட அளவில் படத்தை உருவாக்கச் சொல்லி, பட்டையை மறுபடி நத்தையாக்கிவிட்டார்.

"நீங்க படத்தை எடிட் பண்றீங்களா, ஆளை எடிட் பண்றீங்களா?" என்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி கேட்பதுண்டு. "ஆளைச் சரி பண்ணிட்டா படம் தன்னால சரியாயிடும்" என்பார்.

அவரால் சரி பண்ண முடியாத ஒரே ஆள் மாமனார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பொருள் மேலே போகிறதா, கீழே வருகிறதா என்று பார்த்துப் பழகியவருக்கு மருமகன் தொழில் பிடிபடவே இல்லை. "மாப்பிள்ளை கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றாரு" என்றுதான் ஊருக்கெல்லாம் அறிமுகம். எடிட்டரின் மகள் பள்ளிக்கூடம் போகும் வயசுக்கு வந்த பிறகும் அந்த 'என்னமோ' இடத்தை விட்டு அசையவில்லை. எடிட்டருக்கு அது தொண்டையில் சிக்கிய முள்.

மாமியார் இறந்து சில மாதங்கள் கழித்து, மாமனார் ஒரு பை நிறையப் பழைய ஃபோன்களோடு வந்து நின்றார்.

"இதுல எல்லாம் அவ இருக்கா மாப்ளே. ஒண்ணாச் சேர்த்துக் குடுங்க. அவ குரல் எனக்கு மறந்துடும் போல இருக்கு."

எடிட்டர் நெகிழ்ந்துதான் போனார். கூடவே, அந்த 'என்னமோ'வை ஒழித்துக்கட்டச் சந்தர்ப்பம் வந்துவிட்டது என்ற நினைப்பும் உள்ளே குறுகுறுத்தது. எதில் செய்வது? விமானத்தில் தொடங்கினார். நிறம் போதவில்லை என்று சாயப்பெட்டிக்குப் போனார். எழுத்துக்காக வாடகை வீட்டுக்குக் குடியேறினார். கடைசியில் மூன்றிலும் செய்தார். எந்த வாடிக்கையாளருக்கும் கிடைக்காத பாக்கியம்.

இதில் ஒரு சிக்கல், மாமியார் கேமராவைக் கண்டால் ஓடுகிற ரகம். பாதிக் கிளிப்பில் அவர் உள்ளங்கைதான் தெரிந்தது. தொழில் தெரிந்த கை தயங்கவில்லை. ஆடியது, மங்கியது, கை மறைத்தது, தரை தெரிந்தது எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியது. மிஞ்சியவற்றில் மாமியார் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் விறைப்பாக நின்றார், பேத்தி சொல்லிக்கொடுத்தபடி "எல்லாருக்கும் வணக்கம்" என்றார். பின்னணியில் இருந்த பாத்திரச் சத்தத்தைக்கூட எடிட்டர் துடைத்து எடுத்திருந்தார். மேலே மெல்லிய வயலின்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமனார் அந்த நாற்காலியில் முதல் முறையாக உட்கார்ந்தார். எடிட்டர் விமானத்திலேயே ஓட்டிக் காட்டினார், அத்தனை பச்சை விளக்கும் ஏறி இறங்க. படம் முடிந்தது. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எடிட்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு பாராட்டுக்குத் தயாரானார்.

"ரொம்ப அழகா இருக்கு மாப்ளே. யாரோ பெரிய இடத்து அம்மா மாதிரி இருக்கா."

எடிட்டர் திரும்பிப் பார்த்தார்.

"இவ இப்படிச் சும்மா நின்னு நான் பார்த்ததே இல்லையே. எடுக்காதேன்னு கத்துவாளே, அதெல்லாம் எங்க?"

"அது சரியா வரலை மாமா. கையை வச்சு மறைச்சுட்டாங்க, கேமரா வேற ஆடுச்சு. அதெல்லாம் வெட்டிட்டேன்."

"தூக்கிப் போட்டுட்டீங்களா?"

மாமனார் நாற்காலியின் விளிம்புக்கே வந்துவிட்டார். லிஃப்டின் கம்பி அறுந்த செய்தியைக்கூட அவர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

"ஐயோ, இல்ல மாமா. எல்லாம் அப்படியே பத்திரமா இருக்கு."

"அப்ப அதைக் காட்டுங்க."

எடிட்டருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருடம் அடுத்தவர் முகத்தைப் படித்தவர், வீட்டு மனிதர் வாய்விட்டுச் சொன்னதைக் கேட்கத் தவறிவிட்டார். திரையில் மூன்று சின்னங்களும் வரிசையாக நின்றன. சுட்டி அவற்றின் மேல் ஒரு சுற்று சுற்றி வந்தது. எடைபோட இப்போது பின்னால் ஆள் இல்லை. மாமனார் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்திலேயே வந்துவிட்டார். எடிட்டர் மூன்றையும் விட்டுவிட்டு, கணினியோடு கூடவே வந்த சாதாரணப் படம் ஓட்டியில் கிளிப்புகளைப் போட்டார். ஓட்டுவதைத் தவிர அதற்கு வேறொன்றும் தெரியாது.

உள்ளங்கை வந்தது. "சொன்னா கேக்க மாட்டியா! அந்தப் பக்கம் திருப்பு!" மாமனார் சிரித்தார். இன்னொரு உள்ளங்கை. "ஐய, தலைகூட வாரலை, போ அங்கிட்டு!" மாமனார் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது, சிரிப்பும் நிற்கவில்லை.

அடுத்தது, பதிவை நிறுத்த மறந்து மேசை விளிம்பில் வைத்த ஃபோன் எடுத்தது. வெறும் தரை. எங்கேயோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. பாத்திரங்கள் மோதின. அந்தச் சத்தத்துக்கு நடுவிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, கூப்பிடறது காதுல விழலையா? எல்லாம் ஆறிப் போகுது, வாங்க!"

மாமனார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். பிறகுதான் மெதுவாக உட்கார்ந்தார்.

அதற்குப் பின் குரல் இல்லை. தரை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பழக்க தோஷத்தில் எடிட்டரின் விரல் வெட்டும் பொத்தானைத் தேடிப் போனது. அவர் அதைப் பின்னுக்கு இழுத்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.