ஒரு பெட்டாபைட் என்று எழுதியவர்

ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் 'ஆயிரத்து இருபத்துநாலு'. ஒரு ஜிகாபைட் என்றால் ஆயிரம் மெகாபைட் என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார்.

"ஆயிரம் இல்லம்மா, ஆயிரத்தி இருபத்தி நாலு."

"இருபத்தி நாலுதானே சார், போனாப் போகுது."

அப்படிச் சொன்ன நர்சம்மாவுக்கு டீ ஆறிப்போகும்வரை பாடம் நடந்தது. இந்த வித்தியாசம் மேலே போகப்போக ஏறும். மெகாவில் நூற்றுக்கு ஐந்து, ஜிகாவில் ஏழு, டெராவில் பத்து, பெட்டாவுக்குப் போனால் பன்னிரண்டரை. பாவம் அந்த அம்மா, அதற்கப்புறம் அவரைக் கண்டாலே வேறு படியில் இறங்கிப் போனார்.

கீழ்த்தளத்தில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதில் இரண்டு வரிசை மெஷின்கள். ஸ்கேன், எக்ஸ்ரே, ஆபரேஷன் வீடியோ என்று ஆஸ்பத்திரியின் பதிவுகள் அத்தனையும் அங்கேதான். ஏசி குளிருக்காக நட்டநடு மத்தியானத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பத்தொன்பது வருஷம் அவற்றைக் காத்தார். கல்யாணம் காட்சி எதுவும் இல்லை. அக்கா வீட்டு மாடியறையில்தான் வாசம்.

அந்த அக்கா பேசினால் தெருமுனைவரை கேட்கும். சரியான வாயாடி. பதினொரு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் புற்றுநோய் வந்து, இதே ஆஸ்பத்திரியின் தொண்டைப் பிரிவில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் மார்க்கரும்தான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒவ்வொரு நோயாளியையும் மைக் முன்னால் உட்காரவைத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லிப் பதிவு செய்வது அந்தப் பிரிவின் வழக்கம்.

போன மாதம் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அக்கா பலகையில் எழுதிக் காட்டினாள்: "பாப்பா என் குரலை ஒரு தடவையாவது கேக்கணும். இருக்குமாடா?"

"எங்கக்கா போகும்? என் ரூம்லதான் பத்திரமா இருக்கு. மனு எழுதிக் குடு, முறைப்படி வாங்கித் தரேன்."

கூடப் பிறந்தவளிடமே மனு கேட்டார், மகராசன். அந்த மனு மூன்று வாரமாக ஏதோ ஒரு மேஜையில் கிடந்தது.

அதற்குள் பழைய மெஷின்களை மாற்றும் நாள் வந்துவிட்டது. எல்லாம் வாடகை மெஷின்கள், சனிக்கிழமை திருப்பிக் கொடுத்தாக வேண்டும். புதியவற்றுக்கான படிவத்தை நிரப்பியவர் அவர்தான். 'தேவையான கொள்ளளவு' என்ற கட்டத்தில் 'ஒரு பெட்டாபைட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆயிரம் கணக்கா, ஆயிரத்து இருபத்துநாலு கணக்கா என்று எழுதவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர்! எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தெரிந்த பெட்டாபைட் ஒன்றே ஒன்றுதான்.

வியாழக்கிழமை, பழைய மெஷின்களிலிருந்து புதியவற்றுக்கு நடந்துகொண்டிருந்த நகலெடுப்பு 'இடமில்லை' என்று நின்றுபோனது. விற்றவர்களைப் போனில் பிடித்தார்.

"ஒரு பெட்டாபைட் கேட்டீங்க, குடுத்துட்டோம் சார். ஆயிரம் டெராபைட். ஒரு டெராவுக்கு ஆயிரம் ஜிகா. எண்ணிப் பாத்துக்குங்க."

பழைய மெஷின் எண்ணியது ஆயிரத்து இருபத்துநாலு கணக்கில். அதில் நிறைந்திருந்த ஒரு பெட்டாபைட் இவர்கள் கணக்கில் ஆயிரத்து நூற்று இருபத்தாறு டெராபைட். நூற்று இருபத்தாறுக்கு இடமில்லை. புதிய பதிவுகள் முதலில் போய்ச் சேர்ந்திருந்தன. வெளியே நின்றவை எல்லாம் பழையவை, அக்காவின் குரலும் அவற்றோடுதான்.

ஓடிப்போய் நிர்வாகியிடம் சொன்னார்.

"பத்து வருஷம் தாண்டினதை வெச்சிருக்கணும்னு சட்டமில்லையே. விட்டுத் தள்ளுங்க சார். இதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு!"

ஒரு திட்டு திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும். வெள்ளிக்கிழமை முழுக்க ஒரு வாரம் தவணை கேட்டு யார் யார் காலிலோ விழாத குறை. யாரும் மசியவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வண்டி வரும். அதற்கு முன் மெஷின்களில் இருப்பதை அவரே அழித்துக் கொடுக்க வேண்டும். பத்தரைக்குச் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். பத்தொன்பது வருஷத்தில் யாருக்காகவும் அதை அங்கே செருகியதில்லை. அழுதுகொண்டு வந்தவர்களைக்கூட 'மனு குடுங்க' என்று அனுப்பியவர். அக்காவின் பதிவு முந்நூறு மெகாபைட், சில நொடிகளில் ஏறிவிட்டது. திருடனைப்போல் கதவைப் பார்த்துக்கொண்டே பிடுங்கிப் பைக்குள் போட்டார். பிறகு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார்.

மத்தியானம் அக்கா வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். மகள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏதோ ஒரு பக்கத்தைக் கடகடவென்று படித்துவிட்டு, "போதுமா, இன்னும் பேசவா? எனக்கென்ன, நாள் பூரா பேசுவேன்" என்றது அக்காவின் குரல். பின்னால் இன்னொரு பெண் சிரிப்பது கேட்டது. மகள் தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா சத்தமில்லாமல் அழுதாள், அவளால் முடிந்தது அதுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையை எடுத்தாள். "சிரிக்கறா பாரு, பக்கத்துக் கட்டில்காரி. எனக்கப்புறம் அவதான் படிச்சா. ஆபரேஷன்லயே போயிட்டா. அவ பொண்ணுக்கு அம்மா குரலே ஞாபகம் இல்லையாம். அவளோடதையும் எடுத்துட்டு வாடா."

"இல்லக்கா. எல்லாம் போச்சு. நான்தான் தப்பா எழுதிட்டேன், நானே அழிச்சேன். நானூத்திப் பதிமூணு பேரு குரல்."

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு பென்டிரைவைத் தொட்டுக் காட்டி எழுதினாள்: "இதுல இடம் இல்லையா?"

முப்பத்திரண்டு ஜிகாபைட். ஆளுக்கு முந்நூறு மெகாபைட். எந்தக் கணக்கில் போட்டாலும் விடை ஏறக்குறைய ஒன்றுதான்.

"இருந்துச்சுக்கா" என்றார். "இன்னும் நூறு பேருக்கு இருந்துச்சு. எனக்குத் தோணவே இல்ல."