ஒன்றரை விரல் கோணல்

கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவருக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். மேற்பார்வையாளர் உத்தியோகம், முப்பத்திரண்டு வருஷம். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி மிதக்கும் அந்தக் கருவி அவர் கையை விட்டு இறங்கியதே இல்லை. எழுப்பிய சுவரில் வைத்துப் பார்ப்பார். குமிழி நடுவில் நிற்கவில்லையா, இடி என்பார். சுவரை மட்டம் பார்த்ததற்காக வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆளை மட்டம் தட்டியதற்காக வந்த பெயர் என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு மனுஷருக்கு அகப்பட்டது வீடு. ஹால் சுவரில் பதினாலு படம் மாட்டினார். மலை, கப்பல், ஓடுகிற குதிரை, எல்லாம் கடையில் சட்டம் போட்டு விற்கிற அச்சுப் படங்கள். ஆடக்கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆணி. தூசி தட்டும்போது மனைவி ஒன்றை நூலளவு நகர்த்திவிட்டால் போதும், அன்று முழுக்க அர்ச்சனைதான். "கண்ணு இருக்கா உனக்கு? இல்ல அதையும் உங்க அப்பா வீட்லயே வெச்சுட்டு வந்துட்டியா?" அவள் பதில் சொல்ல மாட்டாள். சொன்னால் இன்னொரு மணி நேரம் நீளும் என்று தெரியும்.

போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால் போய்விட்டன. பேச்சு பாதிதான் மிஞ்சியது. வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க வரும் பெண்தான் இடது கையில் பிரஷைக் கொடுத்தாள். "எதையாவது வரைங்கம்மா. கை தானா திரும்பும்." முதல் மாதம் வெறும் கோடு. அப்புறம் வட்டம். ஐந்தாவது மாதம் ஓர் ஏரி வந்தது. அக்கரையில் மரங்கள், இக்கரையில் வலது ஓரமாக ஒரு பெஞ்சு, பெஞ்சில் நகத்தளவில் இரண்டு பேர். அந்த இரண்டு பேரை வரைய மட்டும் அவளுக்குப் பதினொரு நாள் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை வருவதாக இருந்தது. அக்கா கதை முடிந்துவிட்டது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் அழுது தீர்த்தவள் அந்தத் தங்கைதான்.

"ஏங்க," என்றாள் மனைவி, ஒவ்வொரு சொல்லாக இழுத்து. "என் படம்... ஹால்ல... மாட்டுங்க. அவ பாக்கணும். நான் இன்னும்... முடிஞ்சு போகலன்னு."

கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் வாய்விட்டு அவரிடம் கேட்டது அது ஒன்றுதான். அவரும் உடனே சரி என்றார். அதைச் சொல்லத்தான் வேண்டும். கப்பலைக் கழற்றி உள்ளே வைத்தார், அந்தச் சட்டத்தையே துடைத்து எடுத்தார், படத்தைப் பொருத்தி மாட்டினார். சட்டத்தின் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தார். ஏரித் தண்ணீர் வலது பக்கம் வழிந்துவிடும்போல இருந்தது. வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். இந்த மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? ரசமட்டத்தை எடுத்துப் படத்துக்குள் இருந்த தண்ணீரின் மேலேயே வைத்தார்! ஒன்றரை விரல் கோணல். தண்ணீரை நேராக்கினால் சட்டம் சாய்ந்தது, சட்டத்தை நேராக்கினால் தண்ணீர் சாய்ந்தது. பதினாலுக்கு நடுவில் இப்படி ஒன்று தொங்கினால் அவருக்குச் சோறு இறங்குமா?

படத்தைச் சாப்பாட்டு மேஜையில் போட்டு, இரும்பு ஸ்கேலை வைத்து, கத்தியால் நாலு பக்கமும் ஆப்பு மாதிரி சீவி எடுத்தார். சீவியதைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். சட்டத்தில் பொருத்தி, சுற்றி வெள்ளை அட்டை கொடுத்து, மறுபடி மாட்டினார். ஏரி நூல் பிடித்த மாதிரி நின்றது. மனுஷருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"வந்து பாரு, உன் கோணலை நிமுத்திட்டேன்!"

அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பெஞ்சில் ஓர் ஆள்தான் இருந்தார்.

"நான்... எங்க?"

அப்போதுதான் அவர் கிட்டே போய் உற்றுப் பார்த்தார். வலது ஓரத்தில் சீவியதில் அவள் போயிருந்தாள். தப்புப் பண்ணிவிட்டோம் என்று தெரிந்தது. தெரிந்தும் வாய் தன் வழக்கப்படியே பேசியது. "ஏதோ பொட்டு ஒட்டியிருக்குன்னு நெனச்சேன். ஆளுன்னா ஆள் மாதிரி வரையணும்."

கூடையைத் தேடினாள். அவர் அட்டை வெட்டிப் பொருத்திக்கொண்டிருந்த நேரத்திலேயே குப்பை வண்டி வந்து கூடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது.

ஞாயிறு தங்கையும் அவள் வீட்டுக்காரரும் வந்தார்கள். தங்கை படத்துக்கு முன்னால் வாயைப் பிளந்து நின்றாள். "அக்கா, நீயா வரைஞ்சே? இடது கையாலயா? அத்தான் மட்டும் தனியா உக்காந்திருக்காரே, நீ எங்க?"

"அவளை வெட்டினேன், படம் நேராயிடுச்சு," என்று சொல்லி அத்தான் பெரிதாகச் சிரித்தார். தங்கையின் வீட்டுக்காரரும் சிரித்தார். ஒரு நொடி விழித்த தங்கையும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டாள், பாவி.

அக்கா தங்கையின் கையைப் பிடித்தாள். "என்னை... கூட்டிட்டுப் போ."

தங்கை வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கார் சாவியைப் பார்த்தார். "அத்தான் தமாஷுக்குச் சொன்னாரு, அக்கா. இதையெல்லாம் மனசுல வெச்சுக்கலாமா? எங்க வீட்ல மாடிப்படி வேற," என்று கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிப் பெண் வந்து பிரஷை நீட்டினாள். மனைவியின் இடது கை மடியில் வலது கைக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

"இதுவும்... வரல," என்றாள்.

டாக்டர் சோதித்தார். கையில் ஒரு கோளாறும் இல்லை என்றார். மனுஷருக்கும் அது நன்றாகவே தெரியும். கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒருநாள் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்ச் சாயங்காலம்வரை திரும்பாமலும் பார்த்தார். வந்தபோது தட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பட்டன் போட்டுவிடுவது, தலை சீவிவிடுவது, முகம் கழுவிவிடுவது எல்லாம் இப்போது அவர் வேலை. அன்று சோற்றைப் பிசைந்து ஓர் உருண்டையை எடுத்தவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தப்புதான்டி. நான் பண்ணினது தப்புதான்," என்றார்.

அவள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.